சிவப்புப் புள்ளிகள்

சரியாக நாற்பத்தெட்டு மணி நேரம் கழித்து ஜெசிந்தா இன்குபேட்டரைத் திறந்தாள். விழுப்புரத்தில் வேலைக்குச் சேர்ந்து, மருத்துவ மாணவர்களுக்கு அவள் நடத்தும் முதல் நுண்ணுயிரியல் செய்முறை வகுப்பு இது. அவரவர் தொண்டையில் பஞ்சுக்குச்சியால் தடவி எடுத்துக் கிருமி வளர்த்த ஐம்பது தட்டுகள். அவற்றில் இரண்டில் மட்டும் ஒரே மாதிரி ரத்தச் சிவப்பில் புள்ளிகள்.

பேராசிரியர் தாண்டவராயன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "லேசுல கெடைக்கிற கிருமி இல்லியே இது! ஒண்ணு பரிமளா, இன்னொண்ணு இளவழகன். ஒரே பாட்டில்ல வாய் வெச்சுத் தண்ணி குடிச்சீங்களா?"

வகுப்பே சிரித்தது.

"அய்யோ சார், அதுங்களுக்குள்ள ஆவவே ஆவாது. எப்பப் பாத்தாலும் சண்டை போட்டுக்கினே இருக்குங்க. நேத்துகூட இவ அவன் ரெக்கார்டு நோட்டைக் கிழிச்சா!" என்றாள் முன்வரிசை மாணவி ஒருத்தி.

பேராசிரியர் திரும்பினார். "அப்போ தப்பு உன்னோடதுதான் ஜெசிந்தா. சுத்தமில்லாம தட்டு தயார் பண்ணியிருக்கே. நாளையிலேர்ந்து நீ கிளாஸ் எடுக்க வேணாம்மா."

"ரெண்டு தடவை கை கழுவினேன் சார்" என்றாள் ஜெசிந்தா. அது அவள் காதுக்கே கேட்கவில்லை. கண் கலங்கிவிட்டது.

பரிமளா எழுந்தாள். கடைசி பெஞ்சிலிருந்து இளவழகன், வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டினான்.

"மேடம் மேல தப்பில்ல சார். போன மாசம் அவருக்கு இருபத்தொண்ணு முடிஞ்ச அன்னிக்கே, திண்டிவனம் ரிஜிஸ்டர் ஆபீஸ்ல எங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சு."