ஆள்காட்டியின் வட்டம்

ராத்திரி பெய்த மழையில் அடையாற்று முகத்துவாரத்துப் புல்வெளி இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. ஞாயிறுதோறும் நானும், பெசன்ட் நகரில் தையற்கடை வைத்திருக்கும் ஃபிசாவும் அங்கே பறவை பார்க்கப் போவோம். பத்து மணிக்குத் தி.நகரில் என் ஜவுளிக்கடையைத் திறந்தாக வேண்டும்.

ஆள்காட்டிக் குருவி ஒன்று கத்தத் தொடங்கியது. அது கத்தினால் நாங்கள் பின்வாங்கிவிடுவோம். தரையில் முட்டை இருக்கும். ஆள் விலகிப் போனால்தான் அது அடங்கும்.

முப்பது அடி பின்னால் வந்தோம். அடங்கவில்லை. எங்கள் தலைக்கு மேலும் அது இல்லை. சற்றுத் தள்ளி, யாருமே நிற்காத ஓர் இடத்தை வட்டமடித்துக் கத்தியது.

"நாயா இருக்கும்" என்றேன்.

ஃபிசா பைனாகுலரை இறக்கவில்லை. "நாயி எங்க கீதுண்ணா? புல்லு மட்டும்தான் சாயுது."

நாங்கள் நடந்தோம். அந்த வட்டமும் கூடவே நகர்ந்தது. முட்டையை விட்டு இவ்வளவு தூரம் அது வரவே வராது. ஃபிசா ஏறக்குறைய ஓடினாள்.

சாலைக்கு வந்தபோது அது என் ஸ்கூட்டருக்கு மேல் சுற்றிக் கத்திக்கொண்டிருந்தது.

"வண்டிய எடுக்காதீங்கண்ணா. என் வண்டியில வாங்க, நான் வுட்டுடறேன்."

எனக்கு எரிச்சலாக வந்தது. கடைக்கு நேரமாகிவிட்டது. ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினேன்.

வண்டியின் பின்பக்கம் மெல்ல அமுங்கியது.

ஆள்காட்டி அடங்கிவிட்டது. நிதானமாகப் புல்வெளிக்குத் திரும்பிப் பறந்தது.