பதினோரு வண்டி, பதினோரு விரல்

எதிரே வந்த மாட்டு லாரிக்காரர் ஸ்டியரிங்கிலிருந்து ஒற்றை விரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார். ட்ராய்க்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

ஆஸ்திரேலியாவின் மேற்குக் குவீன்ஸ்லாந்தில் வண்டி ஓட்டுகிறவர் ஆள்காட்டி விரலைத் தூக்கினால் அது வணக்கம். தூக்காவிட்டால்தான் சண்டை. மெல்பர்ன் போன புதிதில் ட்ராய் பழக்க தோஷத்தில் ஒருவருக்கு விரல் தூக்க, அந்த மனிதர் பதறிப்போய் வண்டியை ஓரங்கட்டி டயரையெல்லாம் குனிந்து பார்த்தார்.

பதினெட்டு வருஷத்துக்கு முன், ரக்பி இறுதி ஆட்டத்தன்று காலையில் தன் ஊரான வில்காராவின் அணியை அம்போவென்று விட்டுவிட்டு மெல்பர்னுக்கு ஓடிப்போனவன் ட்ராய். வில்காரா நாற்பது புள்ளி வித்தியாசத்தில் தோற்றது. இப்போது அதே ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அவனுக்கு வாத்தியார் வேலை கிடைத்திருக்கிறது. வருகிறானா இல்லையா என்று இன்று சாயங்காலத்துக்குள் சொல்லியாக வேண்டும். ஊர் மன்னித்துவிட்டதா என்று தெரியாமல் எதைச் சொல்வது?

அண்ணன் வெய்ன் விமான நிலையத்தில் விட்டுவைத்திருந்த பிக்கப்பில்தான் வந்துகொண்டிருந்தான். தொண்ணூறு கிலோமீட்டரில் பதினோரு வண்டி, பதினோரு விரல்.

ஒரே ஒரு வித்தியாசம். அந்தக் காலத்தில் தூரத்தில் வரும்போதே விரல் எழும்பும். இப்போது கடக்கிற நேரத்தில்தான், கடைசி நொடியில் எழும்புகிறது. நம்ம ஊர்க்காரனுக்கும் சோம்பேறித்தனம் வந்துவிட்டது என்று சிரித்துக்கொண்டான்.

அண்ணன் வீட்டு வாசலில் இறங்கியதும் மெல்பர்னில் இருக்கும் மனைவி ரொவீனாவுக்குப் போன் போட்டான்.

"எல்லாரும் விரல் தூக்கினாங்க ரொவீனா. என்னை மன்னிச்சுட்டாங்க. வேலைக்குச் சரின்னு சொல்லிடறேன்."

"யார் வண்டியில வந்தே?"

"அண்ணன் வண்டியில."

"மக்கு. அது உங்கண்ணன் வண்டிக்குத் தூக்கின விரல். உள்ள நீ இருக்கறது அவங்களுக்கு என்ன தெரியும்?"

ட்ராய்க்குச் சப்பென்று ஆகிவிட்டது. அவள் சொல்வது நியாயம்தான். இந்தப் பக்கத்தில் ஆளைவிட வண்டியைத்தான் எல்லோருக்கும் அடையாளம் தெரியும்.

கையைத் துடைத்துக்கொண்டே வெய்ன் வெளியே வந்தான். "என்னடா, வந்ததும் வராததுமா மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு நிக்கற?"

"ஒண்ணுமில்ல. வழியெல்லாம் விரல் தூக்கினாங்க. எனக்குத்தான்னு நினைச்சு இளிச்சுக்கிட்டே வந்தேன். எல்லாம் உனக்குத் தூக்கினதுன்னு இப்பதான் உறைக்குது."

வெய்ன் பிக்கப்பைப் பார்த்தான். தம்பியைப் பார்த்தான். குரலில் கொஞ்சம் பொறாமை கூடத் தெரிந்தது.

"எனக்கா? ஊர்க்காரங்க ஆத்துக்குப் போற வழியில நான் கேட் போட்டுப் பூட்டினதுலேர்ந்து, மூணு வருஷமா ஒரு பய எனக்கு விரல் தூக்கறதில்லடா."