பகலில் வராத கோளாறு

"இந்தத் தடவையாவது சரி பண்ணுவீங்களா, இல்ல ஊர் சுத்திப் பார்க்க வந்தீங்களா?"

மேனேஜர் இப்படிக் கேட்டதும் மெக்கானிக்குக் காது சூடாகிவிட்டது. ஆனால் கேட்டதிலும் நியாயம் இருந்தது. அந்தக் கல் குவாரியின் புல்டோசருக்காக ஏற்கெனவே வந்து சென்சாரை மாற்றினார். மறுபடி வந்து வயரையும் மாற்றினார். கோளாறு மட்டும் போகவில்லை.

டர்போவிலிருந்து இன்ஜினுக்குப் போகும் காற்றின் அழுத்தத்தை ஒரு சின்ன சென்சார் அளந்து சொல்ல வேண்டும். அது சொல்லாவிட்டால் திரையில் எரர் கோடு வரும். நமக்கு எதற்கு வம்பு என்று இன்ஜின் பாதி பலத்தில்தான் ஓடும். அப்புறம் சமதளத்தில் வண்டி நகரும், மேடு ஏறாது.

இதில் வேடிக்கை, பகல் ஷிப்டில் வண்டிக்கு ஒரு குறையும் கிடையாது. இரவு ஷிப்ட்காரர் ஏறி உட்கார்ந்தால்தான் மக்கர். மெக்கானிக் இதற்கு முன் வந்ததெல்லாம் பகலில். இந்த முறை ஷிப்ட் மாறும் நேரம் பார்த்து வந்திருந்தார். மழை விட்டும் வானம் வெளுக்காத சாயங்காலம்.

பகலில் ஓட்டுகிறவர் அண்ணன். இரவில் ஓட்டுகிறவர் அவருடைய சொந்தத் தம்பி. அம்மாவைக் கடைசிக் காலத்தில் யார் வைத்துக்கொள்வது என்ற சண்டையில் இருவருக்கும் பேச்சு நின்றது. அம்மா போய்ச் சேர்ந்த பிறகும் அது திரும்பவில்லை. அண்ணன்காரர் சாவியைக்கூடத் தம்பி கையில் கொடுக்க மாட்டார். சீட்டில் வைத்துவிட்டு இறங்கிப் போய்விடுவார்.

மேட்டின் உச்சியில் இருக்கும் மேல் தட்டில் ஏறி, மண்ணை அதன் விளிம்பு வரை தள்ளிக் கீழே பள்ளத்தில் கொட்டுவதுதான் இரவு வேலை. சில வாரமாக அது நடக்கவில்லை. இன்றைக்கும் வண்டி மேலே ஏறாவிட்டால் நாளைக்கு வீட்டிலேயே இருந்துகொள் என்று மேனேஜர் தம்பிக்காரரிடம் சொல்லிவிட்டாராம். தூக்கமில்லாத முகத்தோடு அவர் மெக்கானிக்கின் பக்கத்தில் வந்து நின்றார்.

"சார், வீட்ல கைக்குழந்தை இருக்கு. எப்படியாவது பண்ணிக் குடுத்துடுங்க."

மெக்கானிக் லேப்டாப்பை மாட்டினார். அதே எரர் கோடு. பழைய பதிவுகளையும் திறந்து பார்த்தார். இன்ஜின் எத்தனையாவது மணி நேரம் ஓடும்போது கோளாறு வந்தது என்பதை வண்டி தானே குறித்து வைத்திருக்கும். குவாரியின் ஷிப்ட் நேரத்தோடு சேர்த்துப் பார்த்தால், ஒவ்வொரு முறையும் பகல் ஷிப்ட் முடியும்போதுதான் வந்திருக்கிறது. காலையில் அண்ணன்காரர் ஏறியதும் போயிருக்கிறது.

எந்த சென்சாரும் இப்படி மணி பார்த்துக் கெடாது.

பானெட்டைத் தூக்கினார். சென்சாரின் கனெக்டர் கழன்று தொங்கியது. தானாகக் கழன்றது இல்லை, பூட்டை அமுக்கிப் பதமாக உருவியிருக்கிறார்கள். சுற்றிலும் தூசி படிந்திருக்க, அந்த இடத்தில் மட்டும் விரல் பட்ட தடம்.

கனெக்டரை மாட்டினார், எரர் கோடை அழித்தார், இன்ஜினை முடுக்கினார். முழு பலம்.

மேனேஜரிடமும் தம்பிக்காரரிடமும் மெக்கானிக் கோபத்தோடு விஷயத்தைச் சொன்னார். மேனேஜர் உச்சுக் கொட்டினார். கூடப் பிறந்தவன் பிழைப்பில் மண்ணைப் போடுகிறவனை வைத்துக்கொள்ள முடியாது, நாளையிலிருந்து அவன் வர வேண்டாம் என்றார். தம்பிக்காரர் வண்டியில் ஏறி மேட்டை நோக்கித் திருப்பினார்.

அண்ணன்காரரிடம் நானே சொல்கிறேன் என்று மெக்கானிக் கிளம்பினார். அந்த வேலையை அவர் வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை.

அண்ணன்காரர் ஷெட்டுக்குப் பின்னால் குழாயடியில் முகத்துக்கு சோப்பு போட்டுக்கொண்டிருந்தார்.

"நாளையிலிருந்து நீங்க வர வேண்டாமாம்ணே. கனெக்டரை யார் பிடுங்கினதுன்னு தெரிஞ்சுபோச்சு."

அவர் இல்லை என்று சொல்லவில்லை. மெக்கானிக்குக் கோபம் தலைக்கேறியது.

"பச்சக் குழந்தை வயித்துல அடிக்கிறீங்களே, இது உங்களுக்கே நல்லா இருக்கா?"

"மறுபடி மாட்டிட்டியா?" என்று மட்டும் கேட்டார் அவர்.

"மாட்டியாச்சு. ஃபுல் பவர்."

சோப்பு கையிலிருந்து நழுவி விழுந்தது. கண்ணில் நுரை இறங்குவதுகூட அவருக்குத் தெரியவில்லை.

"மேல் தட்டு விளிம்புல விரிசல் விட்டிருக்குப்பா. மழைக்கப்புறம் இன்னும் பெருசாயிடுச்சு. பகல்ல கண்ணுக்குத் தெரியுது, நான் விலகியே ஓட்டிடறேன். ராத்திரில எங்க தெரியும்? மேனேஜர்கிட்ட சொன்னேன், வேலை நிக்கக் கூடாதுன்னுட்டார். தம்பிகிட்ட ஆள் விட்டுச் சொன்னேன், அண்ணன்காரன் என்னை இங்கிருந்து விரட்டப் பார்க்கிறான்னு அவன் சிரிச்சானாம். அப்புறம் நான் என்னதான் பண்றது? வண்டி ஏறலைன்னா அவன் கீழேயே கிடப்பான். வேலை போனா வேற வேலை தேடிக்குவான்..."

சோப்பு முகத்தோடு மேட்டைப் பார்த்து ஓட ஆரம்பித்தார்.

மெக்கானிக்கும் பின்னாலேயே ஓடினார். தொண்டை கிழியக் கத்தினார். இன்ஜின் சத்தத்தில் அவர் கத்தியது அவருக்கே கேட்கவில்லை.

பாதி மேட்டைத் தாண்டி, வண்டி முக்காமல் முனகாமல் ஏறிக்கொண்டிருந்தது.