இடது தோள்

"இதுவும் திரும்பி வந்தாச்சு. இடது தோள் இழுக்குதாம்."

முதலாளியம்மா அந்தச் சட்டையை மேஜைமேல் போட்டார். ஏற்கெனவே திரும்பி வந்தவை பக்கத்தில் குவிந்து கிடந்தன.

அந்தக் கடையின் வழியே தனி. பெரிய கம்பெனித் துணி மருந்துக்குக்கூட அங்கே கிடையாது. ஒரு பெண், ஒரு அறை, ஒரு மிஷின் என்று எங்கோ ஒரு மூலையில் தைத்து, ஆசையாக ஒரு லேபிளும் குத்தி, விற்கத் தெரியாமல் முழித்துக்கொண்டிருக்கும் பிராண்டுகளாகப் பார்த்துக் கொண்டுவந்து மாட்டுவார்கள். தேடிப் பிடிக்கும் வேலை பூதக்கண்ணாடிக்கு. மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்து தையலைப் பார்ப்பதால் வந்த பேர். இப்போது முதலாளியம்மாவே அப்படித்தான் கூப்பிடுகிறார்.

"எல்லாருமா சொல்றாங்க?" என்றாள் பூதக்கண்ணாடி.

"வாங்கினவங்க எல்லாரும். வலது பக்கம் கச்சிதமாம், இடது கையைத் தூக்கினா தோள்ல பிடிச்சு இழுக்குதாம். போட்டுப் பார்த்துத்தானே எடுத்தே?"

"போட்டுப் பார்த்தேனே. எனக்கு அப்படியே உக்காந்துச்சு."

அதுதான் அவளுக்கும் விளங்கவில்லை. அவளுக்கு இடது தோள் ஒரு விரற்கடை இறக்கம். எந்த ரெடிமேட் துணியைப் போட்டாலும் அந்தப் பக்கம் சரியும். உள்ளே பஞ்சு வைத்துத் தைத்துச் சமாளித்துக்கொள்வாள். ஒரு துணிக் கண்காட்சியில் 'நீலப் பொத்தான்' என்று யாரும் கேள்விப்படாத ஒரு பிராண்டின் சட்டையைப் போட்டுப் பார்த்தால், அளவெடுத்துத் தைத்ததுபோல் இருந்தது. வந்த சந்தோஷத்தில் மேஜையில் இருந்ததையெல்லாம் வாரிக்கொண்டு வந்துவிட்டாள். அங்கே உட்கார்ந்திருந்தது கூலிக்கு வந்த பெண். தைத்தவளின் விலாசத்தை மட்டும் கொடுத்தாள்.

முதலாளியம்மா அவளைச் சுற்றிவந்து பார்த்தார்.

"ஆமா, உன் தோள் ஏன் இப்படி ஆச்சு? சின்ன வயசுல குடம் சுமந்தியா?"

"குடமா இருந்தா இறக்கி வெச்சிருப்பேனே. இது இறங்காத சுமை."

"அப்படி என்ன சுமை?"

"அதை விடுங்க. இப்ப நான் என்ன செய்யட்டும்?"

"அந்தம்மாவை நேர்ல போய்ப் பாரு. அளவை மாத்தினா வெச்சுக்கலாம். மாட்டேன்னா மொத்தத்தையும் கட்டித் திருப்பிடு. இதுவும் சொதப்பிச்சுன்னா, இனிமே நம்ம கடையிலயும் கம்பெனி சரக்குதான். உன் தேடலுக்கெல்லாம் ஒரு முழுக்கு."

பூதக்கண்ணாடி மேஜைமேல் கிடந்த சட்டையை எடுத்து மடித்தாள். தெரியாத பேரைத் தேடி அலைவதுதான் அவளுக்கு வேலை, பொழுதுபோக்கு, எல்லாம்.

மறுநாள் அந்தச் சட்டையையே போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

சைக்கிள் கடைக்கு மேலே மாடி அறை. கதவு திறந்தே கிடந்தது. ஒருத்தி முதுகைக் காட்டிக்கொண்டு, தலை நிமிராமல் மிஷினை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"துணிக்கடையிலேர்ந்து வர்றேன். தோள் விஷயமா."

"உக்காருங்க. இந்த ஓரத்தை முடிச்சுட்டுத் திரும்பறேன். பாதியில விட்டா கோணிக்கும்." வாய் நிறையக் குண்டூசிகளைக் கடித்துக்கொண்டு பேசியதில் பாதிச் சொல் பல்லிடுக்கிலேயே நின்றது. மீதியை மிஷின் சத்தம் விழுங்கியது.

பூதக்கண்ணாடி உட்காரவில்லை. ஜன்னலோரம் நின்ற பொம்மையைப் பார்த்தாள். துணி மாட்டிப் பார்க்கிற தலையில்லாத பொம்மை. அதன் இடது தோள் தேய்ந்து, ஒரு விரற்கடை இறங்கியிருந்தது.

"பொம்மை தேஞ்சு போயிருக்கே."

"தேயல. நான்தான் உப்புத்தாள் போட்டு இழைச்சேன். வாங்கினப்ப ரெண்டு தோளும் சமமாத்தான் இருந்துச்சு. எனக்கு அதுல வெட்ட வரல."

"ஏன்?"

"தொழில் கத்துக்கிட்டது ஒரே உடம்புல. அவ நிப்பா, நான் வெட்டி வெட்டிப் போட்டுப் பார்ப்பேன். இப்பவும் கத்தரியை எடுத்தா கை தானா அந்தப் பக்கம் இறங்குது."

"அப்ப அவங்களுக்கே தைச்சுக் கொடுக்கலாமே."

மிஷின் ஒரு நொடி தடுமாறிவிட்டு மறுபடி ஓடியது.

"பேச்சுவார்த்தை இல்ல. அப்பா வீட்டை வித்ததுல தகராறு. உன் முகத்துலயே முழிக்க மாட்டேன்னு சொல்லிட்டு வந்துட்டேன். அதாச்சு வருஷக்கணக்கு."

பூதக்கண்ணாடி தன் இடது தோளைத் தடவிக்கொண்டாள். பொம்மையின் தோளில் மெதுவாகக் கை வைத்தாள்.

"வேற பொம்மை வாங்கலாம்ல?" என்றாள்.

"வாங்கலாம். இதைத் தூக்கிப் போட மனசு வரணுமே." அவள் பெருமூச்சு விட்டாள். "சரி, மாத்திடறேன்னு உங்க முதலாளிகிட்ட சொல்லுங்க. உங்க கடையும் போச்சுன்னா நான் மிஷினை மூட்டை கட்ட வேண்டியதுதான்."

நூலை அறுத்துவிட்டுத் திரும்பினாள். தையல்காரி கண் அல்லவா, முதலில் தோளுக்குத்தான் போனது. இழுப்பு இல்லை, சுருக்கம் இல்லை. சட்டை அம்சமாக உட்கார்ந்திருந்தது. அதற்குப் பிறகுதான் முகத்தைப் பார்த்தாள். வாயிலிருந்த குண்டூசிகள் பொலபொலவென்று தரையில் உதிர்ந்தன.

"அக்கா."

"ஊர்ல இருக்கிறவங்களுக்கெல்லாம் தோள் இழுக்குதாம்டி," என்றாள் பூதக்கண்ணாடி, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "இழுக்காம என்ன செய்யும்? பள்ளிக்கூடம் போற வயசு வரைக்கும் என் இடது இடுப்பை விட்டு இறங்கினியா நீ?"