திருட்டுத் தண்ணி

"சூடத்தை அணைச்சு சத்தியம் பண்ணுடா! மதகைத் திறந்தது நீ இல்லேன்னா ஏன் இப்படி வெலவெலக்குற?"

ஏரிக் கமிட்டித் தலைவர் ராஜமாணிக்கம் போட்ட சத்தத்தில், அண்ணாமலையார் கோயில் கம்பத்து இளையனார் சன்னதியில் நின்றிருந்த வெளியூர்க்காரர் ஒருவர் தன்னைத்தான் கேட்கிறார் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

வேடியப்பன் நடுங்கத்தான் செய்தான். பள்ளத்தில் அரைக்காணி நிலம். நெல் கதிர் பிடிக்கிற நேரம். தண்ணீர்த் திருடன் என்று பட்டம் கட்டிவிட்டால் ஏரிப் பாசனத்திலிருந்தே தள்ளிவிடுவார்கள். அப்புறம் பயிரும் போச்சு, வயிறும் போச்சு.

"என்ன விவகாரம்? என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டுட்டு ஒண்ணும் சொல்லாம நிக்கறேளே" என்றார் மௌலி குருக்கள், சூடத் தட்டோடு.

"ஏரியில தண்ணி கம்மி, சாமி. அதை எப்படிப் பிரிக்கறதுன்னு தை மாசத்துலேர்ந்து வாராவாரம் பள்ளிக்கூடத்துல உக்காந்து பேசறோம்."

"பேசி?"

"பேசிக்கிட்டே இருக்கோம்."

தலைவர் சொன்னது சத்தியமான வார்த்தை. பி.டி.ஓ. ஜீப்பில் வந்து, எல்லார் நலனையும் சமமாகப் பார்க்க வேண்டும் என்று பிரசங்கம் பண்ணிவிட்டுப் போன அன்று பிறந்த கமிட்டி அது. 'மேட்டுல தண்ணி ஏறாது, அதனால முதல்ல எங்களுக்கு' என்றார்கள் மேட்டு வயல்காரர்கள். 'கடைசிக்குத் தண்ணி வந்து சேராது, அதனால முதல்ல எங்களுக்கு' என்றார்கள் பள்ளத்துக்காரர்கள். 'வெத்தலை ஒரு நாள் வாடினா போச்சு, அதனால முதல்ல எங்களுக்கு' என்றார்கள் கொடிக்கால்காரர்கள். முடிவாகிறவரை மதகை ஒருத்தரும் தொடக்கூடாது என்று மட்டும் முடிவானது. ஆஹா, என்ன நிர்வாகம்!

"ஆனா எவனோ திறக்கறான், சாமி. காலையில போனா வாய்க்கால் ஈரமா இருக்கு. ராத்திரி காவல் போட்டோம், ஒரு ஈ காக்கா வரலை. போன வாரம் இவன் வயல்ல கணுக்கால் அளவு தண்ணி நிக்குது!"

"அது சரி, மத்தவா பயிரெல்லாம் எப்படி இருக்கு?"

"அண்ணாமலையார் புண்ணியத்துல நல்லாத்தான் இருக்கு."

"தண்ணியே விடாமலா?"

"எதுக்கு சாமி குறுக்குக் கேள்வி? திருட்டு திருட்டுதானே!"

சத்தியத்தை வேடிக்கை பார்க்க ஊர்ப் பெண்களும் வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். வேடியப்பன் மனைவி தனம் பொறுக்கமாட்டாமல் எழுந்துவிட்டாள். தலைவரின் மனைவி வெள்ளையம்மாள் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.

"உக்காருடி. உன் புருஷன் பொய்யா சொல்றான்?"

"இல்லக்கா."

"அப்பறம் எதுக்குப் பதறுற? சாமிக்குத் தெரியும்."

வேடியப்பன் கண்ணை மூடினான். "நான் மதகைத் தொட்டிருந்தா என் கை விளங்காமப் போவட்டும்" என்று எரிகிற சூடத்தைக் கையால் அடித்து அணைத்தான். பிறகு நிமிர்ந்தான். அழுகையும் ஆத்திரமுமாகச் சொன்னான்.

"இப்ப நீங்களும் அணைங்க தலைவரே. எல்லாரும் அணைங்க. ஏழைக்கு மட்டும்தான் சாமியா?"

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு. ராஜமாணிக்கத்துக்கு முகம் சுண்டிப்போனது. தலைவரே சத்தியம் பண்ணுவதா? ஆனால் மறுத்தால் ஊர் என்ன நினைக்கும்? துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அணைத்தார். மேட்டுக்காரர் தசரதன் அணைத்தார். கொடிக்கால் சுப்பன் அணைத்தார். வரிசையாக எல்லாரும் அணைத்தார்கள். குருக்களுக்குச் சூடம் ஏற்றி ஏற்றிக் கை கடுத்தது.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் சாமி. ஆம்பளை ஒருத்தர் பாக்கி இல்லை."

ஒருத்தர் முகத்திலும் களங்கம் இல்லை. அப்படியானால் திருடன் யார்? தலைவர் மோவாயைத் தடவிக்கொண்டு யோசித்துக் கடைசியில் கண்டுபிடித்துவிட்டார்.

"நண்டு! மதகு ஓரத்துல வளை போட்டுத் தண்ணியை விட்டிருக்கு. வேடியப்பா, நீ ஒண்ணும் மனசுல வச்சுக்காதே. உன் பாத்தியதைக்கு ஒரு குறையும் இல்லை."

வேடியப்பன் கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டான். உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. தனம் மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

நண்டை விசாரிக்கத் துணைக் கமிட்டி போட வேண்டும் என்றார் தலைவர். அதில் மேட்டுக்கு எத்தனை பேர், பள்ளத்துக்கு எத்தனை பேர் என்று அங்கேயே கைகலப்பு வரப் பார்த்தது. குருக்கள் தட்டோடு நைசாக நழுவினார்.

"சரி சரி, கோயில்ல சண்டை வேணாம். வியாழக்கிழமை காலையில பள்ளிக்கூடத்துல கூட்டம். ஒரு ஆம்பளை பாக்கியில்லாம வந்துடணும்!"

"நிதானமாப் பேசுங்க. அவசரப்பட்டு எதையாவது முடிவு பண்ணிடாதீங்க. மத்தியானச் சோத்தை அங்கேயே குடுத்தனுப்பறோம்" என்றாள் வெள்ளையம்மாள்.

மனைவியின் அக்கறையில் தலைவருக்கு மார்பு விரிந்தது. ஆண்கள் நண்டைப் பற்றிப் பேசிக்கொண்டே வண்டி பூட்டப் போனார்கள்.

அவர்கள் தலை மறைந்ததும் வெள்ளையம்மாள் பெண்கள் பக்கம் திரும்பினாள்.

"போன கூட்டத்துல பள்ளத்துக்குப் பாய்ச்சிட்டோம், வியாழக்கிழமை மேட்டுக்கு முறை. அவங்க பள்ளிக்கூடத்துக்குள்ள போய் உக்காந்ததும் மண்வெட்டியோட மதகுக்கு வந்துடுங்கடி!"