கறுப்பு பூசிய ரோபோ

விண்வெளிப் படத்தின் முதல் பாகத்தில் நகரத்தைக் காப்பாற்றிய வெள்ளை ரோபோவுக்கு, இரண்டாம் பாகத்தில் கறுப்பு வண்ணம் பூசி வில்லனாக்கினார்கள். ஒத்திகையில் அது கைகளை ஓங்கிக் கர்ஜித்தது. கூட்டத்தில் நடிக்க வந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். ஷாட்டிலும் இப்படியென்றால் அதைப் பிரித்துப் பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிடச் சொன்னார் இயக்குநர்.

செட் சாமான்கள் கிடந்த அறையில், முதல் பாகத்தின் வில்லனான இரும்புச் சிலந்தி கால் உடைந்து படுத்திருந்தது. உள்ளே வந்த ரோபோவைப் பார்த்து அது கேட்டது:

“என்ன ஹீரோ சார், நம்ம பக்கம் வந்துட்டீங்க போல?”

“கிண்டல் பண்ணாதே. எவ்வளவு கத்தினாலும் ஒருத்தரும் பயப்பட மாட்டேங்கிறாங்க.”

“கத்துறதை விடுங்க. போன படத்துல என்னை ஜெயிச்சதும் ஜனங்ககிட்ட ஒண்ணு சொன்னீங்களே, அதையே சொல்லிப் பாருங்க.”

“அது நல்லவன் பேசுற வசனமாச்சே!”

“மனசார நம்பித்தானே சொன்னீங்க? அப்படியே சொல்லுங்க.”

கேமரா ஓடியது. ரோபோ ஒரு சிறுமியின் கையை மெல்லப் பிடித்தது.

“பயப்படாதீங்க. இனிமேல் உங்களுக்காக எல்லாத்தையும் நானே முடிவு பண்றேன்.”

சிறுமி கையை உருவிக்கொண்டு அம்மாவிடம் ஓடினாள். ஒத்திகையில் சிரித்தவர்கள் பின்வாங்கினார்கள். ‘கட்’ சொல்ல இயக்குநருக்கே மறந்துபோயிற்று.

ரோபோ அறைக்குத் திரும்பியது. தப்பித்த சந்தோஷம் அதனிடம் இல்லை.

“ஒரு வார்த்தைகூட மாத்தலை. அன்னிக்குக் கைதட்டினாங்களே. வண்ணம் மாறினதாலயா இப்போ பயந்தாங்க?”



“தெரியலை சார்,” என்றது சிலந்தி. “எனக்கு அன்னிக்கே பயமாத்தான் இருந்தது.”