இரவல் அம்மா

தேர்வுக் குழுவின் அறையில் காலை வெயில் ஜன்னல் திரையின் இடுக்குகள் வழியே மேசைமேல் கோடுகோடாக விழுகிறது. உதவித்தொகையோடு முனைவர் பட்ட ஆய்வு. இருப்பது ஒரே ஓர் இடம். முன்னால் நின்று தோழி பேசிக்கொண்டிருக்கிறாள். பக்கவாதம் வந்தவர்கள் சாப்பிடுவதற்கு முன் கொஞ்சநேரம் பாட்டு முணுமுணுத்தால் புரையேறுவது குறையுமா என்பதுதான் அவளுடைய ஆய்வுக் கேள்வியாம். பின்வரிசையில் முறைக்காகக் காத்திருக்கும் பிசியோதெரபிஸ்ட் சட்டென்று நிமிர்கிறாள். அது இவளுடைய கேள்வி. இவள் குடியிருப்பதே தோழியின் வீட்டு மாடியறையில்தான். அங்கே அவளிடம் மட்டும் மனம்விட்டுச் சொன்னது. தோழி தொடர்கிறாள்: "எங்கம்மாவுக்குத் தண்ணிகூட இறங்காது சார். ஏதாவது பாட்டு முணுமுணுத்தாங்கன்னா மட்டும் ரெண்டு வாய் உள்ள போகும். அதப் பார்த்துதான் எனக்கு இந்த யோசனையே வந்துச்சு." தோழியின் குரல் சரியான இடத்தில் தழுதழுக்கிறது. எழுதிக்கொண்டிருந்த பேனாக்கள் நிற்கின்றன. குழுத் தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். "அம்மா இப்ப எப்படிம்மா இருக்காங்க?" தோழி தலையைக் குனிந்துகொள்கிறாள். "போன வருஷம் தவறிட்டாங்க சார்." காலையில் வாசல்வரை வந்து, "ரெண்டு பேரும் பயப்படாம பேசிட்டு வாங்கடி" என்று வழியனுப்பியது தோழியின் அம்மாதான். போன வருஷம் போனது இவளுடைய அம்மா. தோழி திரும்பி வந்து, இவள் முகத்தைப் பார்க்காமல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து துப்பட்டாவைச் சரிசெய்துகொள்கிறாள். "அடுத்து நீங்கதானேம்மா? உங்க தலைப்பு என்ன?" இவள் எழுந்து நிற்கிறாள். அதே கேள்வி எழுதிய தாளை மடித்துக்கொள்கிறாள். கேள்வி போனால் போகட்டும். அம்மாவையுமா எடுத்துக்கொள்வாள்?